முப்புரிக் கயிற்றில் கண்ணிப்பிணைப்பு நழுவுவது ஏன்? இதன் சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி

வணக்கம். முடிச்சுப் போடாமல், கயிற்றின் புரிகளைப் பிரித்து அவற்றையே மீண்டும் கயிற்றுக்குள் செருகி இணைக்கும் ஸ்பிளைஸ் முறையைச் சில மாதங்களாகப் பழகி வருகிறேன். மணிலாக் கயிற்றில் ஒவ்வொரு புரிக்கும் மூன்று செருகல் கொடுத்துப் போட்ட கண்ணிகள் (கயிற்றின் நுனியை மடக்கி அமைக்கும் வளையங்கள்) இன்றுவரை அசையவில்லை. அதே முறையில் 12 மி.மீ. நைலான் கயிற்றில் போட்ட கண்ணியோ, சுமை ஏற்றிய இரண்டாம் நாளே நழுவத் தொடங்கிவிட்டது. பிழை கயிற்றிலா, என் கையிலா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பழகுவதையெல்லாம் தமிழில் குறிப்பாக எழுதி வருகிறேன். ஷார்ட் ஸ்பிளைஸ், லாங் ஸ்பிளைஸ், ஐ ஸ்பிளைஸ், பேக் ஸ்பிளைஸ் ஆகியவற்றை அப்படியே எழுதுவதா, தமிழில் சொல்வதா? தமிழில் என்றால் எந்தச் சொற்கள் பொருந்தும்?

மறுமொழி 1

செருகல்களின் எண்ணிக்கை போதவில்லை என்பதே முதல் காரணமாக இருக்கும். செருகிய புரியைப் பிடித்து நிறுத்துவது உராய்வு மட்டுமே. கயிறு இழுபடும்போது அதன் புரிகள் இறுகி, உள்ளே நுழைந்திருப்பதை நெரித்துப் பிடிக்கின்றன. மணிலா போன்ற நார்க் கயிற்றின் மேற்பரப்பு சொரசொரப்பானது என்பதால் அதற்கு மூன்று சுற்று (மூன்று புரிகளையும் ஒவ்வொரு முறை செருகுவது ஒரு சுற்று) போதும். நைலான் வழுவழுப்பானது, சுமையில் நீளவும் செய்யும். அதற்கு ஐந்து சுற்றுக்குக் குறையாமல் கொடுங்கள்.

ஆனாலும் கையையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள், ஏனெனில் கண்ணிப்பிணைப்பில், அதாவது ஐ ஸ்பிளைஸில், பெரும்பாலோர் தவறுவது முதல் சுற்றின் மூன்றாவது புரியில்தான். நடுப்புரியைத் தாய்க்கயிற்றின் (பிரிக்காமல் விட்ட பகுதியின்) ஒரு புரிக்கு அடியில் முறுக்குக்கு எதிராகச் செருகுகிறோம். இடப்புரி அந்தப் புரியின் மேலேறி, அடுத்ததன் அடியில் நுழைகிறது. பிறகு கயிற்றைத் திருப்பிப் போட்டு, எஞ்சிய ஒரே புரியின் அடியில் மூன்றாவதைச் செருக வேண்டும். கயிறு திரும்பியிருப்பதால் கண் ஏமாந்து, கை இடமிருந்து வலமாகச் செருகிவிடுகிறது. அதுவும் முந்தைய இரண்டைப் போலவே வலமிருந்து இடமாகத்தான் போக வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் தாய்க்கயிற்றின் மூன்று இடுக்குகளிலும் இடுக்குக்கு ஒரு புரி வீதம், ஒரே மட்டத்தில் வெளிவந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இடுக்கில் இரண்டு வந்திருந்தால் தயங்காமல் பிரித்துவிடுங்கள், மேற்கொண்டு எத்தனை சுற்று செருகினாலும் அது சரியாகாது.

மறுமொழி 2

சொற்களைப் பற்றி எழுதுகிறேன். இதற்குரிய அடிப்படைச் சொற்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. இழைகளைச் சேர்த்து முறுக்கினால் புரி, மூன்று புரிகளைச் சேர்த்துத் திரித்தால் முப்புரிக் கயிறு, அத்தகைய மூன்று கயிறுகளை மீண்டும் ஒன்றாகத் திரித்தால் ஒன்பது புரிகள் கொண்ட வடம். ஒவ்வொரு படியிலும் முறுக்கின் திசை மாறுவதைக் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள்: இழை வலமுறுக்கு என்றால் புரி இடமுறுக்கு, கயிறு மறுபடியும் வலமுறுக்கு. ஒன்று அவிழ முயலும்போது மற்றொன்று இறுகுவதால்தான் கயிறு கயிறாக நிற்கிறது. நிமிர்த்திப் பிடித்த கயிற்றில் புரிகள் இடப்புறக் கீழிருந்து வலப்புற மேலாக ஏறினால் அது வலமுறுக்கு. இதை வலம்புரி என்றும் சொல்லலாம்தான், ஆனால் படிப்பவர் மனத்தில் சங்குதான் முதலில் தோன்றும்.

ஸ்பிளைஸ் என்பதற்குப் ‘புரிப்பிணைப்பு’ என்பது என் பரிந்துரை. செய்யும் வேலை அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. அதிலிருந்து குறும்பிணைப்பு, நெடும்பிணைப்பு, கண்ணிப்பிணைப்பு ஆகியவை எளிதாக அமையும். கயிற்றின் நுனி பிரியாமலிருக்க அதன் புரிகளையே மடக்கித் திரும்பச் செருகுவதை மீள்பிணைப்பு எனலாம். நூலால் நுனியைச் சுற்றிக் கட்டுவது வேறு வேலை. அதை நுனிக்கட்டு என்று பிரித்து எழுதுங்கள். மர்லின்ஸ்பைக், ஃபிட் போன்ற கருவிப் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. முன்னது கூர்நுனி இரும்பு ஆணி, பின்னது மரத்தாலான கூர்முளை என்று ஒருமுறை விளக்கினால் போதும்.

மறுமொழி 3

குறும்பிணைப்பையும் நெடும்பிணைப்பையும் நீளத்தின் வேறுபாடாக மட்டும் எழுதிவிடாதீர்கள், இரண்டும் செய்முறையிலேயே வேறானவை. குறும்பிணைப்பில் இரு நுனிகளின் புரிகளை எதிரெதிராகக் கோத்து, எதிர்க்கயிற்றுக்குள் செருகுகிறோம். பிணைப்பு வலுவானது, ஆனால் அந்த இடம் தடித்துவிடுவதால் கப்பிக்குள் ஓடாது. நெடும்பிணைப்பில் ஒரு கயிற்றின் புரியை வெகுதூரம் பிரித்துக்கொண்டே போய், அது விட்டுச்சென்ற பள்ளத்தில் எதிர்க்கயிற்றின் புரியைப் படியவைத்துக்கொண்டே வருகிறோம். இன்னொரு புரிச்சோடியை மறுதிசையில் அப்படியே கொண்டுசென்று, மூன்றாவது சோடியை நடுவிலேயே விட்டுவிடுகிறோம். இணையும் இடங்கள் மூன்றும் தள்ளித் தள்ளி அமைவதால் கயிற்றின் பருமன் ஏறத்தாழ மாறுவதில்லை. கயிறு நிறையச் செலவாகும், வலுவும் சற்றுக் குறைவு, ஆனாலும் கப்பியில் ஓட வேண்டிய கயிற்றுக்கு இதுவே உரியது.

இவையெல்லாம் முறுக்கிய கயிற்றுக்கு மட்டுமே. பின்னிய கயிற்றில் இப்படிப் பிரித்துச் செருகப் புரிகள் இல்லை. அதன் முறைகளைத் தனிக் குறிப்பாக எழுதுவதே நல்லது.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மிக்க நன்றி. நழுவிய கண்ணியைப் பிரித்துப் பார்த்தேன். மறுமொழி 1 சொன்னபடியே மூன்றாவது புரி எதிர்த்திசையில் நுழைந்து, ஓர் இடுக்கில் இரண்டு புரிகள் நெருக்கிக்கொண்டிருந்தன. ஐந்து சுற்றுகளோடு புதிதாகப் போட்டிருக்கிறேன். எஞ்சிய நுனிகளை ஒட்ட வெட்டிவிடலாமா?

மறுமொழி 1

இப்போதே வெட்ட வேண்டாம். பிணைப்பைத் தரையில் வைத்துக் காலடியில் உருட்டுங்கள், பிறகு ஒருமுறை நன்றாகச் சுமை ஏற்றி இறக்குங்கள். செருகல்கள் தம் இடத்தில் அமர்ந்தபின் நுனிகள் சற்று உள்ளிழுபடும். அதற்குப் பிறகும் ஒட்ட நறுக்காமல் ஒரு விட்டத்தின் அளவேனும் விட்டு வெட்டி, நைலான் என்பதால் நுனியை இலேசாக உருக்கிவிடுங்கள். உருகிய துளி தாய்க்கயிற்றின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.