காட்டைத் துண்டு போட்டதுதான் பிழையா, குறைச்சதுதான் பிழையா?

படுவான்கரையான்:
நேற்று ராவும் எங்கட வட்டைக்குள்ள, வயல்வெளிக்குள்ள ஆனை. காவல் குடிசை வாடியச் சரிச்சுப்போட்டு, அறுக்க ஒரு கிழமை இருந்த வேளாண்மையில அரைவாசிய மிதிச்சுட்டுப் போயிட்டு. ஆனைவெடி போட்டா பக்கத்து வட்டைக்குப் போகுது, அங்க போட்டா மறுகா இஞ்ச வருது. 1949ல கல்லோயாத் திட்டம் தொடங்கினதுல இருந்து குளம், கரும்பு, குடியேற்றம், றோட்டு எண்டு காட்டத் துண்டு துண்டாக்கினா அதுகளும் எங்க போறது? மாவட்டத்தையும் விடல்ல, 1961ல மட்டக்களப்புல இருந்து அம்பாறைய வெட்டி எடுத்தாங்க. துண்டாக்கினது எதுவும் உருப்படாது.

வாவிக்கரை:
வேளாண்மை போனது சரியான கவலை அண்ணன். ஆனா மாவட்டத்தையும் காட்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதீங்க. துண்டாகிறது வேற, குறையிறது வேற. கனடாவுல லெனோர் ஃபாரிக் எண்ட சூழலியல்காரி 118 ஆய்வுகளத் திரட்டி 2017ல எழுதினவ, காட்டின்ட மொத்த அளவக் கழிச்சுப்போட்டு துண்டானதால மட்டும் வந்த தெளிவான விளைவுகள் 381ஐப் பாத்தா நூற்றுக்கு 76 உயிரினங்களுக்கு நல்ல பக்கமாத்தான் இருந்திருக்கு. காடு குறைஞ்சதுதான் பிழை.

படுவான்கரையான்:
76 ஆருக்கு தம்பி, வண்ணத்துப்பூச்சிக்கா ஆனைக்கா? அஞ்சு ஏக்கர் வயல அஞ்சு பெட்டைகளுக்குச் சீதனமாப் பிரிச்சுப் பாருங்க, வரம்புக்கே எவ்வளவு போகுது எண்டு. காட்டுக்கும் அதான். அமேசன்ல மனாவுசுக்குக் கிட்ட 1979ல இருந்து 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகள வைச்சுப் பாத்தாங்க, ஓரத்துப் பெரிய மரமெல்லாம் காத்துலயும் வெயில்லயும் விழுந்துட்டு, எறும்புப் படைக்குப் பின்னால திரியிற குருவிகள் சின்னத் துண்டுகள்ல இல்லாமலே போயிட்டு.

வாவிக்கரை:
வல்லாரை அந்த வரம்புலதானே முளைக்குது 😄

களரி:
ரெண்டு பேருக்கும் நடுவுல நான். கூத்தப் பாருங்க, வடமோடி தென்மோடி எண்டு பிரிஞ்சு ஆட்டமும் உடுப்பும் வேற வேறயா நிக்குது, ஆருக்கு நட்டம்? கண்ணகி அம்மனுக்கு ஆடுற கொம்புமுறி விளையாட்டுல வடசேரி தென்சேரி எண்டு ஊரே ரெண்டாகி கொம்ப இழுத்து, தோத்தவனுக்கு வசையும் பாடி, மறுகா ஒரே கண்ணகி கோயில்லதான் நிப்பாங்க.

படுவான்கரையான்:
அதத்தான் நானும் சொல்றன்! அவங்க பிரிஞ்சாலும் ஒரு இடத்துக்கு வந்து சேர ஏலும். ஆனைக்கு ஏலாது, நடுவுல வேலி.

வாவிக்கரை:
கல்லோயாத் திட்டத்துல கட்டின குளம், சேனநாயக்க சமுத்திரத்துல தீவுக்குத் தீவு ஆனை நீந்திப் போறத எத்தின பேர் போட்ல போய்ப் பாக்கிறாங்க? அதுவும் துண்டான காடுதான். கடக்க விட்டா கடக்கும். அப்ப துண்டுல பிழையில்ல, வேலி போட்ட இடத்துலதான் பிழை. இத நீங்க ஒத்துக்கொண்டா நானும் அந்த 76 ஆனைக்குப் பொருந்தாது எண்டு ஒத்துக்கொள்றன்.

படுவான்கரையான்:
பாதிக்கு ஓம். மிச்சத்த அறுத்துப்போட்டுக் கதைப்பம், இப்ப பரணுக்குப் போற நேரம். ஆருட்டயாவது டோர்ச் லைட் இருந்தா குடுத்து விடுங்க, எங்கடதையும் அது மிதிச்சுட்டு.