இரவு உறக்கப் பரிசோதனை நடத்துபவருக்கு ஒரு சொல்: ‘உறக்கநோக்குநர்’

வணக்கம்.

பாலிசோம்னோகிராபி எனப்படும் இரவு உறக்கப் பரிசோதனையை நடத்தும் டெக்னாலஜிஸ்டுக்குத் ‘தூக்கத் தொழில்நுட்பவியலாளர்’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. அப்பணியைச் செய்பவன் என்ற முறையில் என்னால் அதை ஏற்க இயலவில்லை. சொல்லின் நீளம் ஒரு குறைதான். அதைவிடப் பெரிய குறை, கருவியைக் கையாள்பவர் என்ற பொருளோடு அது நின்றுவிடுவது. எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் சற்று விரித்துச் சொல்கிறேன்.

மாலையில் நடப்பவை பெரும்பாலும் நுட்ப வேலைகளே. மின்முனைகளுக்கான இடங்களைத் தலையின் அளவில் பத்து, இருபது சதவீத இடைவெளிகளில் குறிக்கும் பத்து-இருபது முறைப்படி தலையை அளந்து குறியிட்டு, நெற்றிப்பகுதி, உச்சி, பின்தலை ஆகிய இடங்களில் மின்முனைகளை ஒட்டுகிறோம். கண்ணோரம், மோவாய், முழங்காலுக்குக் கீழே முன்புறத் தசை ஆகியவற்றிலும் ஒட்டுகிறோம். மூக்கில் காற்றழுத்தக் குழலும் வெப்ப உணரியும், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகளும், விரலில் ஆக்சிஜன் அளவியும் சேர்கின்றன. மின்முனைகளின் மின்மறுப்பு, அதாவது மின்குறிகள் கடக்க வேண்டிய தடை, 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை தோலைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். பிறகு, கண்களை மட்டும் இருபுறமும் அசைக்கவும், பல்லைக் கடிக்கவும், மூச்சைச் சிறிது நேரம் அடக்கவும், பாதத்தை மடக்கவும் சொல்லி, ஒவ்வொரு கோடும் தனக்குரிய அசைவைக் காட்டுகிறதா என்று சரிபார்க்கிறோம். இதுவரைக்கும் ‘தொழில்நுட்பம்’ என்ற சொல் பொருந்தும்.

விளக்கை அணைத்த பிறகு வேலையின் தன்மை மாறிவிடுகிறது. பதிவு 30 விநாடித் துண்டுகளாகப் பிரிக்கப்படுவதால், எட்டு மணி நேர உறக்கம் 960 பக்கங்களாகத் திரையில் நகர்கிறது. மூக்கின் காற்றோட்டக் கோடு திடீரெனத் தட்டையாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்நிலை 10 விநாடியைக் கடந்தால் அது மூச்சுத் தடையாக இருக்கலாம். மார்பும் வயிறும் அப்போதும் முயன்றுகொண்டிருந்தால் தொண்டைப் பகுதி அடைபட்டிருக்கிறது; பட்டைகளும் அசையாதிருந்தால் மூளையிலிருந்து மூச்சுக்கான ஏவலே வரவில்லை. இவ்விரண்டுக்கும் மருத்துவம் வேறு. ஆனால் இவை இரண்டுமே இல்லாமல், நோயாளி புரண்டு படுத்ததில் குழல் மூக்கை விட்டு நழுவியிருக்கவும் கூடும். அப்போது பட்டைகள் சீராக அசையும், ஆக்சிஜன் இறங்காது, வெப்ப உணரி தன் இடத்தில் இருந்தால் காற்றோட்டத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே போய்க் குழலைச் சரிசெய்தால் நோயாளி விழித்துக்கொள்ளக்கூடும். போகாவிட்டால் அந்தக் கோடு விடியும்வரை வீண். மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் விரைவிழி உறக்கம் இரவின் பின்பகுதியில்தான் மிகுதியாக வருகிறது, பலருக்கு மூச்சுத் தடை அப்போதுதான் கடுமையாகிறது என்பதால், மூன்று மணிக்கு ஒருவரை எழுப்புவதும் பதினொரு மணிக்கு எழுப்புவதும் ஒன்றல்ல. போவதா இருப்பதா என்பதைக் கருவி சொல்லாது.

தொண்டை அடைபடாமலிருக்க முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் இரவுகளில் இது இன்னும் கூர்மையாகிறது. பெரியவர்களுக்கு 4 செ.மீ. நீரழுத்தத்தில் தொடங்கி, குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி விட்டு, மூச்சுத் தடைகளைக் கண்டு கண்டு படிப்படியாக உயர்த்துகிறோம். மருத்துவரின் ஆணைக்கு உட்பட்டே இதைச் செய்கிறோம். நோயை அறுதியிடுவதும் அவரே. ஆகவே மருத்துவரைக் குறிக்க வேண்டிய ‘உறக்கவியலாளர்’ என்ற சொல்லும் நமக்கு உதவாது.

மற்ற முன்மொழிவுகளில் ‘ஆய்வாளர்’ காவல்துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரியதாகிவிட்டது. ‘கண்காணிப்பாளர்’ என்றால் அலுவலக அதிகாரம் முன்னால் வந்து நிற்கிறது. அறையில் கேமரா இருப்பதற்கே கூசுகின்ற நோயாளியிடம் அச்சொல்லைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள நான் விரும்பமாட்டேன். ‘பதிவர்’ வலைப்பூ எழுதுவோருக்கும் ‘பதிவாளர்’ பத்திரப் பதிவுக்கும் போய்விட்டன. ‘பதிவுநர்’ இலக்கணப்படி நிற்காது; ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் என நர் விகுதி வினையடியோடுதான் சேருகிறது, பதிவு என்பதோ பெயர்.

நோக்கு வினையடி. அதனால் ‘உறக்கநோக்குநர்’ என்று முன்மொழிகிறேன். ‘துயில்’ குறுகிய சொல்தான், ஆனால் லகரமும் நகரமும் புணரும் இடத்தில் எழுதுவோர் தடுமாறுவர். ‘தூக்கம்’ பேச்சில் எளிது, எனினும் கூட்டுச்சொல்லின் முன்பகுதியாக வரும்போது தூக்குதல் என்ற பொருளையும் உடனிழுத்து வருகிறது. நோக்குபவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவர், தலையிடாதவர் என்று ஒரு மறுப்பு எழலாம். பார்த்தலுக்கும் நோக்குதலுக்கும் தமிழில் உள்ள வேறுபாடே அதற்கு விடை என்று கருதுகிறேன்: நோக்குதலில் கருத்து உண்டு, நோக்கமும் அதே அடியில் பிறந்ததுதான்.

பரிசோதனைக்கு ‘பல்குறி உறக்கப்பதிவு’ என்று வைக்கலாம். மூலச்சொல்லில் முன்னும் பின்னும் கிரேக்கம், நடுவில் இலத்தீன்; அத்தனை கலப்பு நமக்கு வேண்டியதில்லை.

‘நோக்குநர்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. மூச்சுத் தடையை மட்டும் அறிய வீட்டுக்கே கொடுத்தனுப்பும் சிறு கருவிகள் பரவலாகிவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மூளை அலைப் பதிவு இல்லை. நோயாளி உண்மையில் எவ்வளவு நேரம் உறங்கினார் என்பதை நேரடியாக அளக்க இயலாது. உணரி நழுவினால் காலையில்தான் தெரியும். ஆய்வகப் பரிசோதனை ‘நோக்குநர் உடனிருக்கும் பதிவு’, வீட்டில் நடப்பது ‘நோக்குநரற்ற பதிவு’ என்று இரண்டையும் ஒரே வேரிலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம். ‘தொழில்நுட்பவியலாளர்’ என்ற சொல்லை வைத்து இந்தப் பாகுபாட்டைச் செய்ய முடியாது, ஏனெனில் வீட்டுக் கருவியை மாட்டும் முறையைக் கற்றுக்கொடுத்து அனுப்புபவரும் ஒரு தொழில்நுட்பவியலாளரே. பதிவைப் பகலில் பக்கம் பக்கமாகத் தரம் பிரிப்பவருக்கு மட்டும் தனிச்சொல் தேவைப்படும். பல இடங்களில் அவர் வேறொருவர். ‘மதிப்பிடுநர்’ பொருந்துமா என்று இலக்கணம் அறிந்தோர் கூறினால் நன்று.