அகலமான க்யூஆர்எஸ், ரேட் 170, பிபி 110/70: வெராபமில் போடலாமா?

கேள்வி:
60 வயதுக்காரர், படபடப்பு. பழைய மாரடைப்பு உண்டு. ஈசிஜியில் சீரான துடிப்பு, க்யூஆர்எஸ் (இதயக் கீழறைகளின் துடிப்பைக் காட்டும் அலை) 4 சின்னக் கட்டம் அகலம். நன்றாகப் பேசுகிறார், பிபியும் விழவில்லை. இப்படி இருந்தால் எஸ்விடி (கீழறைகளுக்கு மேலே தொடங்கும் வேகத்துடிப்பு) என்று எடுத்துக்கொண்டு, அதை அடக்கும் வெராபமில் ஊசி போடலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். விடி (கீழறையிலேயே தொடங்கும் ஆபத்தான வேகத்துடிப்பு) ஓடும்போதே மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பவர்கள் உண்டு; பிபியை வைத்து இதைப் பிரிக்க முடியாது. 25 மி.மீ. வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, ஆக உங்களுடையது 0.16. மாரடைப்புத் தழும்பும் இருக்கிறது. வேறு என்று உறுதியாகும்வரை விடிதான். வெராபமில் ரத்தக்குழாயை விரிக்கும், இதயத்தசையின் பலத்தையும் குறைக்கும். விடியில் போட்டால் பிபி சட்டென்று படுத்துவிடும்.

12 லீட் ஈசிஜி எடுத்துவிட்டு, லீட் 2-ஐ நீளமாக ஓடவிடுங்கள். பி அலைகள் (மேலறைத் துடிப்பு) க்யூஆர்எஸ்ஸோடு சேராமல் தன்போக்கில் போகின்றனவா? நடுவே ஒரேயொரு குறுகலான துடிப்பு, அதாவது கேப்சர் பீட், வருகிறதா? இதில் ஒன்று சிக்கினால் விடி ஏறக்குறைய உறுதி. சிக்காவிட்டால் விடி இல்லை என்று அர்த்தமில்லை. ஏவிஆர் என்ற லீடில் க்யூஆர்எஸ் உயரமான ஆர் அலையோடு (மேல்நோக்கிய அலை) தொடங்கினாலும் விடி பக்கம்தான்.

மருந்து என்றால் அமியோடரோன் (துடிப்பைச் சீராக்கும் ஊசி) 150 மி.கி., 5% டெக்ஸ்ட்ரோஸில், 10 நிமிடத்தில். பிபி சரிந்தாலோ நினைவு மங்கினாலோ மருந்துக்குக் காத்திருக்காமல் சிங்க் (ஷாக்கை க்யூஆர்எஸ்ஸோடு ஒத்து விழவைக்கும் பொத்தான்) போட்டு 100 ஜூல் ஷாக். பல மெஷின்களில் ஒரு ஷாக் முடிந்ததும் சிங்க் தானே அணைந்துவிடும். அடுத்ததற்கு மறுபடி அழுத்த வேண்டும். நாடியே இல்லையென்றால் சிங்க் இல்லாமல் ஷாக், கூடவே சிபிஆர்.

பதில் 2:
மானிட்டரில் மட்டும் பார்த்ததென்றால் அந்த அலை வெறும் கை நடுக்கத்தால் வந்ததா என்று முதலில் பாருங்கள். எஸ்பிஓ2 அலை (விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி காட்டும் நாடி அலை) பழைய ரேட்டிலேயே ஒழுங்காக ஓடினால் ஈசிஜியைச் சந்தேகப்படுங்கள். 12 லீடில் லீட் 1 மட்டும் சுத்தமாக இருந்து 2, 3 இரண்டும் ஆடினால் கோளாறு இடதுகால் எலக்ட்ரோடில்.

பதில் 3:
ரேட் 120-க்குக் கீழே, ஆனால் க்யூஆர்எஸ் பாய் விரித்த மாதிரி அகலம் என்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்குமோ என்று நினையுங்கள், டயாலிசிஸ் தவறவிட்டவர் என்றால் கட்டாயம். ரிப்போர்ட் வரும்வரை நிற்க வேண்டாம்: 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., மெதுவாக. நிமிடங்களில் க்யூஆர்எஸ் குறுகுவதே பதில்.

கேட்டவர்:
நன்றி. அகலமாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தால்?

பதில் 1:
ரேட் 200-ஐத் தாண்டி, க்யூஆர்எஸ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலத்தில் வந்தால் டபிள்யூபிடபிள்யூவில் (மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கூடுதலாக ஒரு குறுக்குவழி இருக்கும் நிலை) ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது). அதில் அடினோசின், வெராபமில், டிகாக்சின், ஊசி அமியோடரோன் எதுவும் தொடக்கூடாது. ஏவி நோடை (மேலிருந்து கீழறைக்குப் போகும் வழக்கமான வாசல்) அடைத்தால் எல்லாம் குறுக்குவழியில் இறங்கி விஎஃப் (கீழறைகள் வெறுமனே நடுங்கி ரத்த ஓட்டம் நிற்பது) ஆகலாம். ஷாக்தான் பத்திரம்.