முருங்கன் வீட்டு வெடிப்பு: புதுப்பிப்பு

ஆவணியில கேட்டிருந்தனான், நினைவிருக்கும். மன்னார்ப் பக்கம் முருங்கனில பார்த்த வீட்டின்ர அத்திவாரத்தில வெடிப்பு, வாங்கலாமோ எண்டு. "பூச்சு வெடிப்புத்தான் தம்பி, சீமெந்து அடிச்சாச் சரி" எண்டார் விக்கிற ஐயா.

அவசரப்படாமல் மாரி முடியுமட்டும் பொறுத்தன். வெடிப்பின்ர ரெண்டு பக்கமும் பென்சிலால கோடு போட்டு, மாதாமாதம் அளந்தன். ஆவணியில 6 மில்லிமீற்றர். மார்கழி மழைக்குப் பிறகு 2. சுருங்கினதைக் கண்டு மனுசி சந்தோசப்பட்டா, எனக்குத்தான் வயிறு கலங்கினது. அங்க இருக்கிறது கறுப்புக் களிமண். தண்ணி குடிச்சால் ஊதும், காஞ்சால் சுருங்கும், வீடும் அதோட சேர்ந்து ஏறி இறங்குது. யன்னல் மூலையில இருந்து படிக்கட்டு மாதிரிக் கல்லிடுக்கால ஓடுற வெடிப்பும் அதைத்தான் சொல்லுது. பூசி மறைச்சால் அடுத்த கோடைக்குத் திரும்ப வாய் திறக்கும்.

மேசன் ஒராள் ஓரத்தில கிடங்கு வெட்டிப் பார்த்தார். அத்திவாரம் ஒண்டரை அடிதான், முழுக்கக் களியிலயே நிக்குது. போதாக்குறைக்குச் சுவரோட ஒட்டி ஒரு பெரிய வேம்பு, கோடையில மிச்ச ஈரத்தையும் உறிஞ்ச.

வீட்டுக்குக் காசில்லை, காணிப் பெறுமதி மட்டும் தாறன் எண்டு சொல்லிப்போட்டன். ஐயா இன்னும் கோவத்தில இருக்கிறார்.