மறுமொழி: விர்ச்சுவல் ரெப்ரசன்டேஷன் – மெய்நிகரா, நிகர்நிலையா?

அனைவருக்கும் வணக்கம்.

ஓட்டே இல்லாதவர்களுக்கும் நாடாளுமன்றத்தில் பிரதிநிதி இருப்பதாகக் கொள்ளும் பழைய பிரிட்டிஷ் கருத்துதான் விர்ச்சுவல் ரெப்ரசன்டேஷன். அதற்கு நம் கலைச்சொல் தொகுப்பில் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "மெய்நிகர் பிரதிநிதித்துவம்" என்று முடித்துவிடலாம் என்ற கட்டத்துக்கு வந்துவிட்டதால் இந்த மடல். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

//விர்ச்சுவல் என்றால் மெய்நிகர். கணினித் துறையில் நிலைத்துவிட்டது. இதை ஏன் மாற்ற வேண்டும்?//

கணினித் துறையில் நிலைத்துவிட்டதுதான் சிக்கலே. வரலாறு படிக்கும் பிள்ளை இந்தச் சொல்லைப் பார்த்தால், முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே நாடாளுமன்றத்துக்குப் போகிற உறுப்பினரைத்தான் நினைக்கும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் திரை, தோற்றம், மாயை என்ற வாசனையே கிடையாது. பெயரில் இல்லாவிட்டாலும் பலனில் உண்டு என்பதுதான் பொருள்.

சொல் எந்தச் சண்டையில் பிரபலமானது என்று பார்த்தால் பொருள் தெளிவாகும். 1765இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் முத்திரை வரி போட்டது. பத்திரம், செய்தித்தாள், உரிமம் எல்லாவற்றுக்கும் முத்திரையிட்ட தாள் வாங்க வேண்டும். குடியேற்றக்காரர்கள் கேட்ட கேள்வி இங்கிலாந்திலேயே விளைந்தது. நாடாளுமன்றம் சம்மதிக்காமல் அரசர் பணம் வசூலிப்பது சட்டவிரோதம் என்று 1689 உரிமைச் சட்டம் சொல்கிறது. நாங்களும் ஆங்கிலேயர்தானே, எங்கள் சம்மதம் எங்கே என்றார்கள்.

அந்தச் சட்டத்தை வரைந்ததில் பெரும்பங்கு கருவூலச் செயலாளர் தாமஸ் வேட்லிக்கு உண்டு. அதே ஆண்டு ஒரு துண்டு நூலில் அவரே பதில் சொன்னார். பிரிட்டன் மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஓட்டு கிடையாது. அதனால் அவர்களுக்குப் பிரதிநிதி இல்லை என்று ஆகிவிடுமா? ஒவ்வோர் உறுப்பினரும் தன்னைத் தேர்ந்தெடுத்த ஊருக்காக மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, பிரிட்டனின் பொதுமக்கள் எல்லாருக்காகவும் உட்கார்ந்திருக்கிறார். மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் தனி உறுப்பினர் இல்லை, அதே கதைதான் பாஸ்டனுக்கும் என்பது அந்தத் தரப்பின் வாதம்.

இந்த வாதத்துக்குப் பின்னால் இருந்த தொகுதிப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். சாலிஸ்பரி பக்கத்தில் ஓல்ட் சாரம் என்று ஒரு காலி மேடு. குடியிருப்பவர் யாருமில்லை, உறுப்பினர் இருவர். டன்விச் ஊரில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, அதற்கும் இருவர். 1832 வரை இப்படியே ஓடியது.

இங்கே ஒரு சென்னைச் செய்தியும் ஒளிந்திருக்கிறது. ஓல்ட் சாரத்தை வாங்கிக் குடும்பச் சொத்தாக்கியவர் தாமஸ் பிட். இந்திய வியாபாரத்தில் சம்பாதித்த மனிதர். பிறகு 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக உட்கார்ந்தார். அவர் பேரன் வில்லியம் பிட் 1735இல் அந்தக் காலி மேட்டின் உறுப்பினராகத்தான் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். அதே வில்லியம் பிட் 1766 ஜனவரியில் எழுந்து, மனிதன் தலைக்குள் நுழைந்த எண்ணங்களிலேயே மிக இழிவானது இந்தப் பிரதிநிதித்துவக் கருத்து என்று வெளுத்துக்கட்டினார்! கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

//போலிப் பிரதிநிதித்துவம் என்றே சொல்லலாமே, உண்மையும் அதுதானே?//

உண்மை அதுவாகவே இருக்கட்டும். ஆனால் அது தீர்ப்பு, கலைச்சொல் ஆகாது. "எங்களுடையது போலிப் பிரதிநிதித்துவம்" என்று வேட்லி எப்படி வாதாடுவார்? இரு தரப்பும் ஒரே சொல்லை வாயில் போட்டுக்கொண்டு சண்டை போட முடிய வேண்டும்.

"மறைமுகப் பிரதிநிதித்துவம்" சரிவராது. மாநிலங்களவைத் தேர்தலை மறைமுகத் தேர்தல் என்கிறோம். அங்கே ஓட்டு உண்டு, ஒரு படி தள்ளி உண்டு, அவ்வளவுதான். இங்கே ஓட்டே இல்லை. "பாவனைப் பிரதிநிதித்துவம்" எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது நியாயம், அவர்களுக்குப் பாவனை என்றால் பயன்பாடு. "தொக்குநிலைப் பிரதிநிதித்துவம்" என்று இலக்கண ஆசிரியர் ஒருவர் முன்வைத்தது அழகான யோசனை. வேற்றுமைத் தொகையில் உருபு கண்ணுக்குத் தெரியாமல் நின்று பொருள் தருவதுபோல, உறுப்பினர் தெரியாமல் நின்று குரல் தருகிறார். ஆனால் வகுப்பில் தக்காளித் தொக்கு என்று ஒரு குரல் வரும், அதோடு பாடம் முடிந்தது.

என் பரிந்துரை: நிகர்நிலைப் பிரதிநிதித்துவம்.

காரணம் சொல்கிறேன். இந்தக் கருத்து வேட்லி கண்டுபிடித்தது இல்லை. 16ஆம் நூற்றாண்டில் சர் தாமஸ் ஸ்மித் இங்கிலாந்தின் ஆட்சிமுறை பற்றி எழுதியபோதே, ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் நேரிலோ ஆள் மூலமோ நாடாளுமன்றத்தில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறார் என்றார். நாடாளுமன்றத்தின் சம்மதம் எல்லாருடைய சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும் என்றும் சொன்னார். "இருப்பதாகக் கொள்ளப்படும்" என்பதுதான் இதன் உயிர். இப்படிச் சட்டம் ஒன்றை இன்னொன்றாகக் கொள்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது. டீம்டு யுனிவர்சிட்டியை நாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றுதானே சொல்கிறோம்? அது சட்டமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிய பல்கலைக்கழகம் இல்லை, ஆனால் அப்படியே கொள்ளப்படும். பஸ்ஸில் விளம்பரம் பார்க்கிறவருக்கும் புரிகிற சொல். அந்தப் பல்கலைக்கழகங்கள் மீது மக்களுக்கு இருக்கும் லேசான சந்தேகமும் சேர்ந்து வருகிறது, அது இலவச லாபம்.

//நிகர் என்றால் சமம் என்று ஒத்துக்கொண்டது போல ஆகாதா?//

ஆகும். ஆகட்டும். அந்தச் சமத்தைத்தான் எதிர்த்தரப்பு உடைத்தது. மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி 1765இல் உடைத்த விதம் இந்த விவாதத்திலேயே கூர்மையானது. மான்செஸ்டர்காரருக்கு ஓட்டு இல்லாவிட்டாலும், அவர் மேல் போடும் வரி ஓட்டுள்ள பக்கத்து ஊர்க்காரர் மேலும் விழுகிறது, வரி போடும் உறுப்பினர் மேலும் விழுகிறது. அதனால் கையை அடக்கிப் போடுவார்கள். அமெரிக்கா மேல் போடும் வரியில் ஒரு காசுகூட அவர்கள் மேல் விழாது. அங்கே வசூலாக ஆக இங்கே சுமை குறையும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஆக, நலன் ஒன்றாக இருக்கும்வரைதான் நிகர்நிலை செல்லும். சொல்லுக்குள்ளேயே அந்த நிபந்தனை தெரிகிறது. "மெய்நிகர்" இதைச் சொல்லாது.

பாஸ்டனின் ஜேம்ஸ் ஓட்டிஸ் இவ்வளவு நுணுக்கம் பார்க்கவில்லை. மான்செஸ்டருக்குப் பிரதிநிதி இல்லையென்றால் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்.

அப்புறம், வழக்கம்போல வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

"1765 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் நிகர்நிலைப் பிரதிநிதித்துவத்தை ஏற்கவில்லை. காமன்ஸ் சபையில் தங்களுக்குப் பிரதிநிதித்துவம் இல்லை, தொலைவு காரணமாக இருக்கவும் முடியாது என்றார்கள்."

"1766 மார்ச்சில் முத்திரை வரி நீங்கியது. ஆனால் குடியேற்றங்களை எல்லா விஷயத்திலும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நாடாளுமன்றம் கூடவே அறிவித்ததால், நிகர்நிலைப் பிரதிநிதித்துவச் சண்டை ஓயவில்லை."

"அயர்லாந்துக் கத்தோலிக்கர் பற்றி 1792இல் எழுதிய எட்மண்ட் பர்க், அடியில் மெய்ப் பிரதிநிதித்துவம் இல்லாத நிகர்நிலைப் பிரதிநிதித்துவம் நெடுநாள் நிற்காது என்றார்."

எங்கும் இடறவில்லை. மூன்றாவது வாக்கியத்தில் எதிர்ச்சொல்லும் தானாக வந்து விழுந்திருக்கிறது, கவனித்தீர்களா? வேட்லியும் இந்த இரண்டையும் ஜோடியாகத்தான் வைத்தார். மெய்ப் பிரதிநிதித்துவம் யாருக்கும் இல்லை, நிகர்நிலை எல்லாருக்கும் உண்டு என்பது அவர் நிலை. "நேரடிப் பிரதிநிதித்துவம்" என்று மாற்றினால் மறுபடியும் நேரடித் தேர்தல் குழப்பம். "மெய்" ஒட்டாது என்று நினைப்பவர்கள் வேறு சொல் தாருங்கள். பிரதிநிதித்துவத்துக்குப் பதில் "சார்பாண்மை" போடலாமா என்ற பேச்சை இந்த இழையில் வேண்டாம் என்பேன். சார்பு என்றதும் பாரபட்சம் நினைவுக்கு வரும், அது தனிச் சண்டை.

வெள்ளிக்கிழமைக்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.

பி.கு.: நம் தொகுப்பில் ஸ்டாம்ப் ஆக்ட் என்பதற்கு எதிரே "தபால்தலைச் சட்டம்" என்று இருக்கிறது. தபால்தலை பிறந்ததே 1840இல். 1765இல் சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடிப் பகடைக்கு 10 ஷில்லிங் என்று முத்திரை வரி வாங்கினார்கள், பகடையை யாரும் தபாலில் அனுப்பவில்லை. "முத்திரை வரிச் சட்டம்" என்று திருத்திவிட்டேன். பழையதைப் போட்டது யார் என்று தொகுப்பின் திருத்த வரலாற்றுப் பக்கத்தைத் தோண்ட வேண்டாம், நான்தான்.