பூசினியில் பிஞ்சு நிற்கவில்லை, வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. இடம் மட்டக்களப்பு ஆரையம்பதி, கடற்கரைப் பக்க மணல் நிலம். அம்மா ஆசையாக நட்ட பூசினிக் கொடி வேலி தாண்டிப் படர்ந்துவிட்டது. முதலில் ஆண் பூக்களாகவே வந்தன, அது வழமைதான். இப்போது பெண் பூவும் வருகிறது. இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் பச்சைப் பிஞ்சு மினுங்கும். பூ வாடினதும் நுனி மஞ்சளாகி, சுருங்கி, காம்போடு கழன்று விழுகிறது. வெட்டிப் பார்த்தேன், புழுவும் இல்லை, பழ ஈ குத்திய துளையும் இல்லை. அப்படியென்றால் மகரந்தம் சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். பூசினி மகரந்தம் பாரமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்றில் போகாது, தேனீதான் கொண்டுவர வேண்டும். விடிய விரியும் பூ மதியத்துக்கு முன்பே மூடிவிடும். தென்மேற்கிலிருந்து வெக்கையாக வீசும் இந்தக் கச்சான் காற்றில் தேனீயைக் காணவே இல்லை.

ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவலாம் என்று தெரியும். எங்கள் பக்க வெக்கையில் எத்தனை மணிக்குள் தடவினால் பிடிக்கிறது? ஒரு ஆண் பூ போதுமா? பக்கத்து வீட்டு மாமா கொடி நுனியைக் கிள்ளச் சொல்கிறார். பக்கக் கிளையில் பெண் பூ கூடும், சரி. ஆனால் இருக்கிற பிஞ்சே நிற்காதபோது அது உதவுமா? யூரியா போடவில்லை, மாட்டெரு மட்டும்தான்.

களுவாஞ்சிக்குடி, திருக்கோவில் பக்கம் மணலில் பூசினி செய்து காய் எடுத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கோ. நாளைக்கு விரிய இன்னும் இரண்டு பெண் மொட்டு இருக்கு.