முதல் பிஸ்டல்: கிளாக் 19, சிக் பி365, ஷீல்டு ஈஸி, எதை வாங்கலாம்?

பிளேனோவாசி:
வணக்கம். டெக்சாஸில் பிளேனோவில் இருக்கிறோம். போன வருஷம்தான் எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்தது. வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டல் வாங்கலாமா வேண்டாமா என்று ஆறு மாதமாகப் பேசி, இப்போதுதான் இரண்டு பேருக்கும் மனசு ஒத்து வந்திருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளில் சில ரவுண்டு சுட்டதோடு சரி, பிஸ்டல் நான் சுட்டதே இல்லை.

கடையில் மூன்று காட்டினார்கள்: கிளாக் 19, சிக் சவர் பி365, ஸ்மித் & வெஸனின் ஷீல்டு ஈஸி. மூன்றும் 9 எம்.எம். மனைவிக்கு என்றதும் கடைக்காரர் யோசிக்காமல் பி365-ஐ எடுத்து நீட்டினார், சின்னது, இலேசு, பெண்கள் கைக்குச் சரியாக இருக்கும் என்றார். அவளால் ஸ்லைடை, அதாவது பின்னால் இழுக்கும் மேல்பாகத்தை, முழுசாக இழுக்க முடியவில்லை. பாதியில் நின்றுவிட்டது, உள்ளங்கையில் வரிவரியாகத் தடம் விழுந்ததுதான் மிச்சம். இரண்டு பேரும் ஒன்றையே பழகிக்கொள்ள வேண்டும், வெளியே எடுத்துப் போகும் எண்ணம் இல்லை. வீட்டில் 6 வயதில் ஒன்று, 3 வயதில் ஒன்று. எதை வாங்கலாம், சொல்லுங்கள்.

கூவம்கரை:
தம்பி, பெண்களுக்குச் சின்ன துப்பாக்கி என்ற பேச்சை முதலில் மறந்துவிடுங்கள். நான் ஹூஸ்டனில் எட்டு வருஷமாக ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போகிறேன், இந்தப் பேச்சைக் கேட்டு வாங்கி, இரண்டு முறை சுட்டுவிட்டு அலமாரியில் போட்டவர்கள் நிறையப் பேர். மூன்றிலும் போவது ஒரே தோட்டா, அப்படியானால் துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு உதைக்கும். பி365 சுமார் 500 கிராம், குழல் 3.1 அங்குலம். இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள 2018-இல் வந்தது, அவ்வளவு சின்ன உடம்பில் பத்து ரவுண்டு அடைத்ததைப் பார்த்து அப்போது எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள், அந்த வேலைக்கு இன்றும் அருமையான சாமான். ஆனால் நீங்கள் பெட்டியில் வைக்கப் போகிறீர்கள், அந்தச் சின்ன உடம்பால் உங்களுக்கு என்ன லாபம்? ஸ்லைடு சின்னதானால் ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்கும், உங்கள் மனைவி கையில் தடம் விழுந்தது அதனால்தான்.

கிளாக் 19 காலி மேகசினோடு (தோட்டா அடைக்கும் கூடு) 680 கிராம் அளவு, குழல் 4 அங்குலம், 15 ரவுண்டு. 1988-இல் வந்த மாடல் என்பதால் மேகசின், உறை, உதிரி எல்லாம் எங்கும் கிடைக்கும். விலை 500 முதல் 650 டாலருக்குள் வரும். என்னிடம் இருப்பது அதுதான், நம்பி வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, அதில் கையால் தள்ளும் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் விசை) கிடையாது, டிரிகர் நடுவில் இருக்கும் சின்ன நாக்குதான். விரல் டிரிகருக்குப் போனால் வெடிக்கும், அவ்வளவுதான் கணக்கு. இன்னொன்று, சுத்தம் செய்யப் பிரிக்கும்போது டிரிகரை அழுத்தியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மேகசினைக் கழற்றிவிட்டார், குழலின் பின்முனையில் இருக்கும் தோட்டா அறையில் ஏறியிருந்த ஒரு ரவுண்டை மறந்துவிட்டார், குண்டு சமையலறைச் சுவரைத் துளைத்துப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவர் முகம் ஒரு வாரம் பேயறைந்த மாதிரி இருந்தது. அதனால் மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை இழுத்து நிறுத்துங்கள், தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் சுண்டுவிரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும்.

கடையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ரேஞ்சில் வாடகைக்குக் கிடைக்கும், மூன்றையும் ஒரே நாளில் ஆளுக்கு ஐம்பது ரவுண்டாவது சுட்டுப் பாருங்கள்.

மதுரைக்காரி:
எனக்கு உயரம் 5 அடி 1 அங்குலம், கையில் பெரிய வலுவும் கிடையாது. நான் வைத்திருப்பது ஷீல்டு ஈஸி, 9 எம்.எம். மாடல் 2020-இல் வந்தது. ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வரும், மேகசினில் விரலால் இறக்கிப் பிடிக்கச் சின்னக் குமிழ் இருப்பதால் தோட்டா நிரப்பும்போது நகம் உடையாது. பிடியின் பின்பக்கம் ஒரு சேஃப்டி உண்டு, கை முழுசாகப் பதிந்தால்தான் சுடும். பிடி தளர்ந்தால் சுடாது, அதைப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. எட்டு ரவுண்டுதான் என்பது குறை. பழையதாக வாங்கினால் சீரியல் எண்ணைக் கம்பெனியில் கேட்டுவிடுங்கள், 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை செய்ததில் சுத்தியல் பாகத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள்.

ஸ்லைடை இழுக்க ஒரு வழி சொல்கிறேன். கையை நீட்டிக்கொண்டு இழுக்காதீர்கள். துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, முனை குறி வைக்கும் பலகையைப் பார்த்தபடியே இருக்க, இடது கையால் ஸ்லைடை அழுத்திப் பிடித்து வலது கையை முன்னால் தள்ளுங்கள். உங்கள் மனைவிக்கு கிளாக்கே கூட வந்துவிடலாம். அப்புறம் கழுத்து மூடிய சட்டை போட்டுப் போகச் சொல்லுங்கள், முதல் நாள் சூடான காலித் தோட்டா என் சட்டைக்குள் விழுந்து தோள்பட்டையில் கொப்புளமே வந்துவிட்டது.

சான்ஹோசே_செந்தில்:
வாங்குவதைப் பற்றி அவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் சட்டம் மட்டும். உங்களுக்கு கிரீன் கார்டு இருப்பதால் கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற ஃபெடரல் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். இதைப் படிக்கும் ஹெச்-1பி நண்பர்களே, தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே சட்டம்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை ஆசையாக ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் சுட வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், வேண்டாம்.

டெக்சாஸில் தோட்டா போட்ட துப்பாக்கியைப் பத்திரப்படுத்தாமல் வைத்து, அது 17 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளை கையில் கிடைத்தால் அதுவும் குற்றம். 6 வயதுப் பிள்ளை அலமாரியின் மேல்தட்டுக்கு நாற்காலி போட்டு ஏறும். எண் அழுத்தித் திறக்கும் பெட்டியை வாங்கிச் சுவரோடு போல்ட் அடியுங்கள். பிஸ்டலுக்கு முன்னால் அது வீட்டுக்கு வரட்டும்.

பிளேனோவாசி:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிறன்று போனோம், 7 கெஜத்தில் மூன்றையும் சுட்டோம். பி365 எனக்கே கையில் துள்ளியது. கிளாக்கில் என் குண்டுகள் எல்லாம் இடது கீழ்ப்பக்கமே போய் விழுந்தன, வெடிக்கும் முன்பே பயந்து மணிக்கட்டை அமுக்குகிறேன் என்று அங்கிருந்த பயிற்சியாளர் சொன்னார். மதுரைக்காரி அக்கா சொன்ன மாதிரி தள்ளியதும் அவளுக்கு கிளாக் ஸ்லைடும் வந்துவிட்டது! ஆனாலும் நாற்பது ரவுண்டுக்கு மேல் கை சோர்ந்துவிட்டது, ஈஸியில் கடைசி வரை சிரித்துக்கொண்டே சுட்டாள், குறியும் ஒரு சாஸர் அளவுக்குள் இருந்தது. ராத்திரி நேரத்தில் நான் வீட்டில் இல்லாதபோது எடுக்கப் போவது அவள்தான் என்பதால் ஈஸி என்று முடிவு செய்திருக்கிறோம். பெட்டி வியாழக்கிழமை வருகிறது, சனிக்கிழமை இரண்டு பேரும் பயிற்சி வகுப்பு. அதற்கப்புறம்தான் கடை.